மூன்று திருத்தங்கள்

1918, மே 12, ஞாயிறு

பள்ளியை மூடி மூன்று வாரமாகிறது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி விட்டுச்சென்ற வடிவியல் நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கங்கள். அதில் எழுதுகிறேன். நாட்குறிப்பு எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. தம்மைப் பற்றித் தாமே எழுதுகிறவர்கள் தமக்குச் சாதகமாகவே எழுதுவார்கள் என்பது என் எண்ணம். ஆனால் வேறு யாரும் குறித்துவைக்கப் போவதில்லை. தேதிகளாவது தப்பாமல் இருக்கட்டும்.

உள்நாட்டுப் போரில் மூன்று மாதம் தொழிலாளர்களின் சிவப்புக் காவல்படையின் கையில் இருந்த எங்கள் துறைமுக ஊர், ஏப்ரல் கடைசியில் அரசாங்கத்தின் வெள்ளைப் படையின் கைக்கு வந்தது. பின்லாந்து முழுவதும் இதே கதைதான். தோற்றவர்களைப் பிடித்து, எதிர்த் தீவில் ரஷ்யர்கள் விட்டுப்போன படைவீட்டில் அடைத்திருக்கிறார்கள். ஆர்வோ அங்கே இருக்கிறான். இன்று பதினாறாவது நாள்.

ஆர்வோ என் தங்கை எல்லியின் மகன். ஏழு வயதில் தாயை இழந்து என்னிடம் வந்தான். இப்போது இருபத்தேழு வயது. தொழிலாளர் செய்தித்தாளில் அச்சுக் கோப்பவன். ஊர்க்காரர்களைக் கேட்டால் பந்தாட்டக்காரன் என்றுதான் சொல்வார்கள். பிப்ரவரியில் ஒருநாள் கையில் சிவப்புப் பட்டையுடன் சாப்பிட வந்தான். அவிழ்த்துவிட்டு வா என்றேன்.

"எங்க டீம்ல முக்கால்வாசிப் பேர் கட்டியிருக்காங்க, பெரியம்மா."

அரசியலுக்கு இது போதுமான காரணமல்ல என்றேன். "பந்துக்குப் போதும்" என்று சிரித்தான்.

பின்கட்டில் மூன்று வரிசை உருளைக்கிழங்கு நட்டேன்.

மே 14, செவ்வாய்

படகுத்துறைக்குப் போனேன். தீவுக்கு உணவுப் பொட்டலம் அனுப்பக் காத்திருக்கும் பெண்கள் நூறு பேருக்கு மேல். நான் மட்டும்தான் தொப்பி அணிந்திருந்தேன்; மற்றவர்கள் தலையில் துணி கட்டிய தொழிலாளர் வீட்டுப் பெண்கள். என்னைவிட்டுச் சற்றே விலகி நின்றார்கள். கடைசியில், துணி மூட்டைகளோடு நின்ற ஒருத்தி என் பொட்டலத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"டீச்சரம்மா, காகிதத்துல கட்டினா அது காவல்காரன் வயித்துக்குத்தான் போகும். துணியில வச்சுத் தைக்கணும். அப்பவும் பாதிதான் போய்ச் சேரும்."

மன்டா என்று பெயர். முகாம் மருத்துவக் கொட்டகையின் துணிகளை வெளுப்பவள். செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு மட்டும் படகில் இடம் உண்டு. வேலிக்கு உள்ளே போக அனுமதியும் உண்டு. யாருக்காக வந்திருக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"நம்ம ஆர்வோவா? எங்க கல்லே கோல்ல நிப்பான், உங்க ஆர்வோ அவனுக்கு முன்னால நிப்பான். 'இவன் ஒருத்தன் இருக்கான், பந்து என்கிட்ட வர்றதே இல்ல, நான் சும்மா குளிர்ல விறைச்சுக்கிட்டு நிக்கிறேன்'னு என் தம்பி வந்து திட்டுவான். கொடுங்க இங்க."

என் ரொட்டியை வாங்கி அழுக்குப் போர்வைகளுக்குள் செருகிக்கொண்டாள். அழுக்கு மூட்டை ஏன் தீவை நோக்கிப் போகிறது என்று கேட்டேன். "வெளுத்தது மேல, அழுக்கு அடியில. அழுக்க எந்தக் காவல்காரன் தொடுவான்?" என்றாள். தர்க்கத்தில் குறை இல்லை.

மே 17, வெள்ளி

ஆர்வோ உயிரோடு இருப்பதாக மன்டா சொன்னாள். கால் வீங்கியிருக்கிறதாம். ரொட்டியை அவள் எதிரிலேயே தின்றானாம். இனி வாரம் இருமுறை அவளே கொண்டுபோவாள்.

மே 19, ஞாயிறு

நண்பகலில் பின்கதவைத் தட்டும் ஓசை. மன்டாவின் தம்பி கல்லே. கதவு நிலையை அடைத்துக்கொண்டு நின்றான். அவ்வளவு பெரிய கைகளை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஆர்வோவைப் பற்றிக் கேட்க வந்தவன். சிவப்புப் படையில் காயம்பட்டவர்களைத் தூக்கும் வேலை செய்தானாம். பிடிபட்டால் அதற்கும் முகாம்தான்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். கேட்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

"அக்கா வீட்டு சவுனாவுல, டீச்சர். மர ஆலைக்குப் பின்னால கடைசி வீடு. பகல்ல வெளிய வர்றதில்ல, இன்னிக்கு மட்டும்தான். ஊர்ல நான் அமெரிக்கா போயிட்டேன்னு பேசிக்கிறாங்க. பேசட்டும்."

இந்த ஊரில் சவுனா இல்லாத வீடு இல்லை. முற்றத்தின் கோடியில் நிற்கும் அந்த நீராவிக் குளியல் குடிசையில்தான் இங்கே எல்லோரும் பிறக்கிறார்கள். ஒளிந்துகொள்ளவும் அதுவே உதவுகிறது போலும்.

வறுத்த பார்லிக் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

மே 22, புதன்

ஒரு வழி இருக்கிறது. கைதி ஒவ்வொருவரைப் பற்றியும் அவரவர் ஊர்ப் படைத்தலைமை நன்னடத்தைச் சான்று எழுத வேண்டும். சான்று நன்றாக இருந்தால் விடுதலை. சரியில்லை என்றால் எட்டு வருடம், பன்னிரண்டு வருடம். அதற்குள் பசி முந்திக்கொள்ளும். போன வாரம் தீவில் நாற்பது பேரைப் புதைத்தார்கள்.

எங்கள் ஊரில் சான்று எழுதும் பொறுப்பு யால்மரிடம். என் பழைய மாணவன், வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை. எட்டு வருடமாக ஹெல்சின்கியில் இருந்துவிட்டு லெப்டினன்டாக வந்திருக்கிறான். புத்திசாலி, சோம்பேறி. வீட்டுக்கணக்கு செய்யாத நாளில் முதலில் கை தூக்குவான்; தவறான விடை சொல்வான். திருத்துவேன். அடுத்த வரியையும் தவறாகச் சொல்வான். அதையும் திருத்துவேன். மணியடிக்கும்போது முழுக்கணக்கையும் நானே கரும்பலகையில் போட்டு முடித்திருப்பேன். தந்திரம் என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. புரிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. தவறான விடை ஒன்று திருத்தப்படாமல் நின்றால் எனக்குப் பல் கூசும்.

அடுத்த புதன்கிழமை அவனைப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஆர்வோவின் வாழ்க்கைக் குறிப்பு ஒன்றை எழுதி முடிக்க வேண்டும்.

மே 25, சனி

மூன்று நாளாக எழுதுகிறேன். ஆர்வோவின் வாழ்க்கை முழுவதும் பந்து. பந்தைப் பற்றி எனக்கு மரியாதை இருந்ததில்லை. இருபத்திரண்டு பேர் ஒரு தோலுக்குப் பின்னால் ஓடுவதைக் காண ஊரே திரள்வது எனக்கு விளங்கியதில்லை. ஆனாலும் உள்ளதை எழுத வேண்டும்.

1904. மரம் ஏற்ற வந்த ஆங்கிலக் கப்பலின் மாலுமிகள் கிழிந்த பந்து ஒன்றைத் துறைமுகத்தில் விட்டுப்போனார்கள். ஆர்வோவுக்கு வயது பதின்மூன்று. கசாப்புக்காரரிடம் பன்றியின் சிறுநீர்ப்பை வாங்கி, என் முகம் கழுவும் பாத்திரத்தில் ஊறவைத்து, ஊதி உள்ளே செருகினான். (இதைச் சான்றுக்கு எழுதவில்லை. பாத்திரத்தை அப்போதே எறிந்துவிட்டேன்.)

1907. கழகம் தொடங்கினார்கள். குதிரைச் சந்தைதான் ஆடுகளம். ஆட்டத்துக்கு முன் பதினொருவரும் மண்வாரியால் சாணம் அள்ளுவார்கள். எதிர் அணியும் சேர்ந்து அள்ள வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தவன் ஆர்வோ. நீதி உணர்வுக்குச் சான்றாக இதைச் சேர்த்தேன்.

1911. பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த அணியை நான்குக்கு இரண்டு என்று வென்றார்கள். நான் பார்த்த ஒரே ஆட்டம் அது. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் எண்ணினேன்: பந்து அவன் காலுக்கு அறுபத்தொரு முறை வந்தது, ஒன்பது முறை மட்டுமே எதிரியிடம் போனது. வீட்டில் சொன்னபோது, "ஒன்பதா? ஏழுன்னு நினைச்சேன்" என்றான். ஒன்பதுதான்.

1912. ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்குப் போன பின்லாந்து அணியில் மாற்று வீரன். நான்கு ஆட்டத்திலும் உட்கார்ந்திருந்தான். ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றும் வழக்கம் கிடையாது. ஒருவனுக்குக் கால் முறிந்தாலும் மற்றப் பத்துப் பேர்தான் ஆட வேண்டும். பிறகு எதற்கு பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன்.

"நமக்காக ஆடுறவங்க திரும்பிப் பார்த்தா மரியாதையா இருக்கணும்ல, பெரியம்மா."

நாட்டின் பெயரால் அனுப்பப்பட்டவன். இது வெள்ளையர்களுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

'அவன் துப்பாக்கி ஏந்தவில்லை' என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாது.

மே 28, செவ்வாய்

வெறும் சொல்லை யார் நம்புவார்கள்? ஆதாரம் வேண்டும். 1913இல் எடுத்த அணிப் படம் ஆர்வோவின் கட்டிலுக்கு மேல் தொங்குகிறது. பதினொரு பேர், நடுவில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு ஆர்வோ. சட்டத்திலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டேன்.

மே 29, புதன்

யால்மரைச் சந்தித்தேன். இளைத்திருக்கிறான், இடது கண் இமை துடித்துக்கொண்டே இருக்கிறது. எழுந்து நின்று வரவேற்றான். குறிப்பை முழுவதும் படித்தான். பீட்டர்ஸ்பர்க் ஆட்டத்தின் எண்ணிக்கையில் புன்னகைத்தான். "எண்ணினீங்களா டீச்சர்? நீங்க எண்ணியிருப்பீங்க" என்றான். படத்தை மனுவோடு இணைப்பதாக வாங்கிக்கொண்டான். ஆர்வோவின் சான்று நல்லபடி போகும் என்றான்.

விவரங்களில் இன்னமும் கவனமில்லாதவன். மூன்று இடங்களில் திருத்த வேண்டியிருந்தது.

ஜூன் 1, சனி

நேற்று மன்டா படகில் இல்லை. ரொட்டி போகவில்லை. இன்று காலை அவளே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வியாழக்கிழமை கல்லேவப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க டீச்சரம்மா. எட்டுப் பேர் வந்தாங்க. வீட்டுக் கதவத் தட்டவே இல்ல. முற்றத்துல துணி காயப்போட்டிருந்தேன், அதுக்கு நடுவுல பூந்து நேரா சவுனாவுக்குப் போனாங்க. நேரா. நூல் பிடிச்ச மாதிரி."

நாற்காலியை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அழக்கூடாதுன்னு வச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை ரொட்டியத் தயாரா வைங்க. இனிமே ரெண்டு பேருக்கு."

ஜூன் 2, ஞாயிறு

உருளைக்கிழங்குக்கு மண் அணைத்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

மாவில் மூன்றில் ஒரு பங்கு பைன் மரப்பட்டைத் தூள். கூடுதலாக ஒரு ரொட்டி செய்ய முடிந்தது. இரண்டையும் மன்டாவிடம் கொடுத்தேன். அவள் செய்ததும் இரண்டு. நான்கையும் சேர்த்துச் சமமாகப் பிரிப்பதாகச் சொன்னாள். "கல்லே உடம்புக்கு ரெட்டைப் பங்கு வேணும். ஆனா கேக்கமாட்டான். ஆர்வோவுக்குக் கொடுத்துட்டுத்தான் எனக்கும்பான்."

ஜூன் 11, செவ்வாய்

யால்மரிடம் போனேன். கல்லேவைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி எடுத்துச் சென்றேன்: காயம்பட்டவர்களைத் தூக்கியவன், வேறு எதுவும் செய்யாதவன். மேசையில் நான் கொடுத்த அணிப் படம் கிடந்தது. தலைகளுக்கு மேல் சிவப்புப் பென்சிலால் எண்கள்.

"அவன் இப்போ தீவுல இருக்கான். கோர்ட்டு பார்த்துக்கும் டீச்சர்."

அவன் யாருக்கும் தீங்கு செய்யாதவன் என்றேன்.

"எங்க அண்ணனும் யாருக்கும் தீங்கு செய்யல. பிப்ரவரியில சிவப்புக்காரங்க வீட்டுலேர்ந்து கூட்டிட்டுப் போனாங்க. எங்க புதைச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் எனக்குத் திருத்திச் சொல்லல."

குறிப்பை வாங்கி மற்றக் காகிதங்களுக்கு அடியில் வைத்தான். எழுந்து கதவைத் திறந்துவிட்டான். மரியாதையில் குறை வைக்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

தீவில் வயிற்றுக்கடுப்பு. அதோடு புதிதாக ஒரு காய்ச்சல். மன்டா கொண்டுவரும் போர்வைகளை வெந்நீரில் போடுவதற்கு முன் கம்பால் தூக்குகிறாள். அவளுக்கு உதவியாகக் கிணற்றில் நீர் இறைத்தேன். என் கைக்கு இரண்டு வாளிக்கு மேல் முடியவில்லை. "கணக்குப் போடுற கைக்கு இது ஆகாது, தள்ளுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஜூன் 24, திங்கள்

நடுக்கோடை விழா. சூரியன் மறைய மனமில்லாமல் நிற்கிறது. இந்த வருடம் கரையில் தீ மூட்டவில்லை. மன்டா சொன்னாள்:

"யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன் டீச்சரம்மா. ஆலை மேஸ்திரி. அவன் வீட்டு மாடியிலேர்ந்து பார்த்தா எங்க சவுனாக் கதவு தெரியும். நேத்து வெளுப்புக் காரத்த ஒரு வாளி கொண்டுபோய் அவன் வாசப்படியில ஊத்திட்டு வந்தேன்."

மேஸ்திரிக்கு அறுபத்தெட்டு வயது. கண்ணில் படலம். எதிரில் நிற்பவரையே குரலால்தான் அடையாளம் காண்பார்.

பல் கூசியது. திருத்தவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

ரொட்டி மூன்று.

ஜூலை 5, வெள்ளி

ரொட்டி இரண்டு. மாவு அனேகமாகத் தீர்ந்துவிட்டது. அறுவடை வரை வராது என்கிறார்கள். விளைவதற்கு முன்பே ஒரு வரிசை உருளைக்கிழங்கைத் தோண்டினேன், கோலிக்குண்டு அளவு. வேகவைத்துத் துணியில் தைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

ஆர்வோவுக்குக் காய்ச்சல் வந்து தெளிந்ததாம். எழுந்து நிற்க முடியவில்லை. அவன் பங்கைக் கல்லே பிட்டுப் பிட்டு வாயில் வைப்பதை மன்டா பார்த்திருக்கிறாள். "அந்தக் கையில பந்தப் பிடிச்சே பார்த்திருக்கேன். இப்ப ரொட்டித் துணுக்கு ஒண்ணு கீழ விழாமப் பிடிக்குது."

ஜூலை 17, புதன்

கல்லே நேற்று இறந்துவிட்டான்.

மன்டா வாசலில் நின்று சொன்னாள். காய்ச்சல், பிறகு வயிறு, நான்கே நாளில். நான் அவள் கையைப் பிடித்தேன். காரத்தால் தோல் வெடித்த கை. அவள்தான் என்னைத் தேற்றினாள்.

"அழாதீங்க டீச்சரம்மா. வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் போவேன். இனிமே முழுசும் ஆர்வோவுக்கு. அவனையாவது கொண்டுவந்துருவோம்."

ஜூலை 18, வியாழன்

மே 29ஆம் தேதிக் குறிப்பை முழுமையாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

யால்மர் படத்தைத் திருப்பினான். பின்பக்கம் பதினொரு பெயர்கள், என் கையெழுத்தில், நிற்கும் வரிசைப்படி. அவன் முகத்துக்கு முகம் விரலை நகர்த்தினான். இருவர் வெள்ளைப் படையிலேயே இருந்தார்கள்; அவர்களை விட்டுவிட்டான். ஒருவன் இரண்டு வருடம் முன்பே இறந்தவன்.

"இந்த நெட்டையன் படையிலயே சேரல, இல்லையா டீச்சர்? குளிர்காலம் பூரா நோயில படுத்திருந்தான்."

"இல்லை. உணவுக் கிடங்கின் பொறுப்பு அவனிடம்தான் இருந்தது."

"சரி. இந்த இடது ஓரத்து ஆள் கயிற்றாலையில வேலை பார்க்கிறான்."

"கயிற்றாலை அல்ல, தோல் பதனிடும் இடத்தில்."

எழுதிக்கொண்டான். ஜன்னல் திறந்திருந்தது, வெளியே யாரோ குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கோல்கீப்பர் அமெரிக்கா போயிட்டான். அவன விட்டுடலாம்."

"அமெரிக்காவில் இல்லை. அக்கா வீட்டு சவுனாவில் இருக்கிறான். மர ஆலைக்குப் பின்னால், கடைசி வீடு."

சொல்லி முடிக்க நான்கைந்து நொடிகள் ஆகியிருக்கும். நடுவில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"தேங்க்ஸ் டீச்சர்" என்றான். வகுப்பில் சொல்லும் அதே குரல். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

ஆர்வோவைக் காப்பாற்றப் பேரம் பேசினேன் என்றால்கூட அது ஒரு காரணமாக இருந்திருக்கும். மிரட்டினார்கள் என்றால் மன்னிப்புக்கு ஒரு வழி இருந்திருக்கும். இரண்டும் இல்லை. விடை தப்பாக இருந்தது, திருத்தினேன். பெண் என்பதற்காகத் தனி அனுமதி வாங்கிப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவள், இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவள், அடுத்த மார்ச்சில் ஐம்பதைத் தொடப்போகிறவள். இவ்வளவு படிப்பும் சேர்ந்து எனக்கு வாய் மூடக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

மன்டாவிடம் சொல்லிவிடுவதென்று படகுத்துறை வரை போனேன்.

சொன்னால் அவள் ஆர்வோவுக்கு ரொட்டி கொண்டுபோவதை நிறுத்துவாள் என்பதற்கு ஆதாரம் இல்லை. நிறுத்தமாட்டாள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாத இடத்தில் ஆர்வோவின் உயிரை வைக்க என்னால் முடியாது. வேலிக்கு உள்ளே போகும் கை அவளுடையது ஒன்றுதான்.

இப்படி எழுதிப் பார்த்தால் நியாயமாகத் தெரிகிறது. அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.

ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நெடுநேரம் கையசைத்தாள்.

ஜூலை 26, வெள்ளி

மேஸ்திரியின் ஜன்னல் கண்ணாடியை யாரோ உடைத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். தெருவில் அவரோடு யாரும் பேசுவதில்லை. கடையில் ஒரு பெண் அவர் காலடியில் துப்பினாள். குனிந்து கைத்தடியால் தடவிப் பார்த்தார், என்ன விழுந்தது என்று.

ஆகஸ்ட் 2, வெள்ளி

யால்மர் அனுப்பிய காகிதம் வந்தது. சான்று நல்லபடி எழுதப்பட்டிருக்கிறது. 'தேசத்தின் பெயரால் ஸ்டாக்ஹோம் சென்றவர்.' ஆர்வோவை விடுவிப்பார்கள், தேதி பிறகு.

இனிச் சொல்லலாம். ஆனால் காகிதம் வந்த பிறகு இறந்தவர்கள் உண்டு. அவன் வீட்டுக்கு வரட்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வரட்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ரொட்டி ஒன்று. மன்டாவுடையது இரண்டு.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஆர்வோ வந்துவிட்டான். மன்டாவின் துணி மூட்டைகளின் மேல் உட்காரவைத்து அவளே படகில் கொண்டுவந்தாள். துறையிலிருந்து வீடு வரை முன்பு அவன் ஓடினால் நான்கு நிமிடம். இன்று ஒரு மணிக்கு மேல் ஆனது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள்.

பள்ளிக்கூடத் தராசில் நிறுத்தினேன். நாற்பத்தாறு கிலோ. தொடை இருந்த இடத்தில் என் இரு கை விரல்களும் சுற்றி வந்து சேர்கின்றன.

"சாப்பாட்ட ஒரேயடியாக் கொடுத்துடாதீங்க. கஞ்சித்தண்ணி மட்டும். நான் நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்றாள் மன்டா. போகும்போது அவன் தலையை ஒருமுறை தடவினாள்.

ஆகஸ்ட் 14, புதன்

கஞ்சி. மூன்று வேளை. பேசுவதில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

யால்மர் அலுவலகத்திலிருந்து ஆர்வோவின் காகிதங்கள் ஓர் உறையில் வந்தன. நான் கிணற்றடியில் இருந்தபோது அவன் பிரித்துவிட்டான். திரும்பி வந்தபோது அணிப் படம் அவன் மடியில் இருந்தது.

"ஏழு பேருக்கு நம்பர் போட்டிருக்கு. எனக்கு இல்ல" என்றான்.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"கல்லே தலைக்கு மேல ஆறு." விரலால் தடவினான். "யால்மருக்கு எப்படித் தெரிஞ்சுது? மேஸ்திரி சொல்லியிருப்பார்னு மன்டா சொல்றாங்க."

காத்திருந்தான். பீட்டர்ஸ்பர்க் ஆட்டத்தன்று எதிரி பந்தோடு வரும்போது இப்படித்தான் அசையாமல் நின்றான்.

"மேஸ்திரிக்குக் கண் தெரியாது" என்றேன். "நான் சொன்னேன்."

அவன் தலையசைத்தான். முகத்தில் வியப்பு இல்லை.

"கல்லேவுக்குத் தெரியும், பெரியம்மா. வந்த அன்னிக்கே சொன்னான். 'சவுனாவுல இருக்கேன்னு உங்க பெரியம்மா ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்'னான். எனக்கு அவன் முகத்தப் பார்க்க முடியல. அவன்தான் சொன்னான், 'மன்டாகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா உனக்கு ரொட்டி வராது. உனக்குப் பசி தீர்ற வரைக்கும் சொல்லாத.'"

அடுப்பில் கஞ்சி பொங்கி வழியும் வாடை வந்தது. நான் அடுப்புப் பக்கம் போகவில்லை.

"தினமும் ரொட்டியப் பிட்டுக் கொடுக்கும்போது உங்களப் பத்தி விசாரிப்பான். டீச்சர் இன்னும் எண்ணிக்கிட்டே இருக்காங்களான்னு."

படத்தைத் தலைகீழாகத் திருப்பி மேசையில் வைத்தான். பதினொரு பெயர்களும் என் கையெழுத்தில் மேலே தெரிந்தன.

"எனக்குப் பசி தீர்ந்துடுச்சு, பெரியம்மா" என்றான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மன்டாவின் வீட்டுக்குப் போனேன். கடைசியில் அவள் என்னிடம் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது. மற்றதை எழுதுகிறேன்.

மர ஆலைக்குப் பின்னால், கடைசி வீடு. நான் அதுவரை அந்த முற்றத்துக்குள் போனதில்லை. சவுனாவின் கதவு ஒரு கீலில் தொங்கியது. கொடியில் போர்வைகள். மன்டா தொட்டியின் மேல் குனிந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்று கேட்டேன்.

"தீவுல ஞாயித்துக்கிழமை சாகமாட்டாங்களா?" என்றாள். பிறகு முகம் மலர்ந்தது. "ஆர்வோ நடக்கிறானா?"

கதவு வரை நடந்தான் என்றேன்.

"அப்ப பிழைச்சுட்டான். அடுத்த கோடையில பந்த எடுத்துடுவான் பாருங்க. கோலுக்குத்தான் ஆளத் தேடணும்." ஈரப் போர்வை ஒன்றை இழுத்து அதன் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். "வந்ததுதான் வந்தீங்க, பிடிங்க. நீங்க வலப்பக்கம் முறுக்குங்க, நான் இடப்பக்கம்."

பிடித்தேன். முறுக்கினோம். தண்ணீர் எங்கள் காலணிகளின் மேல் கொட்டியது.

"மேஸ்திரி ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கான், பார்த்தீங்களா? அதையும் உடைப்பேன். எங்க கல்லேவக் காட்டிக்கொடுத்தவன் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து நிம்மதியாச் சாப்பிடுறதா?"

துணி இறுகி, எங்கள் நடுவே கயிறுபோல் விறைத்து நின்றது.

"தப்பு, மன்டா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தன் முனையை விடவில்லை. நானும் என் முனையை விடவில்லை. சரியான விடையைச் சொன்னேன்.